ஊருணியில் நுரை

மகள் புதிதாக வாங்கிய ஷாம்பு பாட்டிலில் பச்சை இலை வரைந்திருந்தது. "இது மண்ணுக்குக் கெடுதல் பண்ணாதாம்ப்பா, மோந்து பாருங்க" என்று மூடியைத் திறந்து நீட்டினாள். அந்தப் பொய்யான பழவாசனை ஏறியதும் எனக்குக் குமட்டியது.

குளத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரின் குடிதண்ணீர் ஊருணிக்குள், செருப்பைக் கரையிலேயே கழற்றிவிட்டு இறங்கி, குடத்தின் அடியால் தூசியை விலக்கி, குடத்து வாயில் துணி கட்டி மொண்டு வருவார்கள். அதில் யாரும் கைகூடக் கழுவ மாட்டார்கள். பத்தாவது படித்தபோது ஓர் உச்சிவெயிலில், ஆளில்லாத நேரம் பார்த்து, ஒரு பாக்கெட் ஷாம்புவோடு அதில் இறங்கித் தலைக்குக் குளித்தேன். நுரை போகாமல் படியோரமே சுற்றிச் சுற்றி நின்றது. காலிப் பாக்கெட்டை அங்கேயே வீசினேன்.

அதே படியில்தான் சாயங்காலம் அம்மா தண்ணீர் மொண்டிருக்கிறாள். அந்தத் தண்ணீரில் வடித்த சோற்றில் அப்பா முதல் கவளத்தையே துப்பினார்.

"எந்த எடுபட்ட பய ஊருணியில குளிச்சான்?" என்று தெருவைப் பார்த்துக் கத்திய அம்மா, எனக்குச் சோறு போடக் குனிந்தவள், என் தலையில் ஷாம்பு வாசம் ஏறவும் அப்படியே நின்றாள். பிறகு இன்னும் இரண்டு கரண்டி அள்ளி வைத்தாள்.

"தின்னு."

குமட்டக் குமட்ட அத்தனையும் தின்றேன்.

இன்று அந்த ஊருணியில் தண்ணீரைவிட ஷாம்பு பாக்கெட்தான் அதிகம். பாசியும் நுரையும் சேர்ந்து நாறுகிறது. ஊரே கேன் தண்ணீர் குடிக்கிறது. முதல் பாக்கெட் என்னுடையது.

"வாசம் எப்படிப்பா?" என்றாள் மகள்.

"சோத்துல ஊத்தித் தின்னு பாரு" என்றேன்.