வயிற்றில் யார் ஊற்றுவது?

மாத்திரைத் தொழிற்சாலையின் சோதனை அறையில் பத்தொன்பது வருடமாக அவள் பார்த்தது ஒரே வேலை: மாத்திரை கரைகிறதா என்று சோதிப்பது. உடம்புச் சூட்டில் தண்ணீர், ஆறு கண்ணாடிக் குடுவைகள், ஒவ்வொன்றிலும் நிதானமாகச் சுற்றும் ஒரு துடுப்பு. முக்கால் மணி நேரத்தில் மருந்தில் நூற்றுக்கு எண்பது பங்காவது தண்ணீரில் இறங்கியிருக்க வேண்டும். எல்லோரும் அவளைக் 'கரைசலக்கா' என்பார்கள். அக்காவின் கோபம் மட்டும் எதிலும் கரையாது என்பது முதுகுக்குப் பின்னால் சொல்வது.

வலிப்பு மாத்திரைதான் அங்கே பிடிவாதக்காரன். அதன் மருந்து தண்ணீரைக் கண்டாலே ஒதுங்கும். அதனால் மாத்திரை மாவில் சோப்பு இனத்தைச் சேர்ந்த பொருள் ஒன்றைக் கொஞ்சம் கலப்பார்கள். அது ஒரு கையால் மருந்தையும் மறு கையால் தண்ணீரையும் பிடித்து இரண்டையும் சேர்த்துவைக்கும். குடலில் பித்தநீர் செய்யும் உதவிக்கு ஈடாகச் சோதனைத் தண்ணீரிலும் அதைக் கொஞ்சம் கரைத்து ஊற்றுவது உண்டு. எவ்வளவு என்பது எழுதிவைத்த விதி.

இந்தத் தடவை மாவு இயந்திரத்தில் ஒட்டுகிறது என்று மாத்திரையில் அந்தப் பொருளைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். மாத்திரைகள் குடுவையின் அடியில் கூழாங்கல் மாதிரி உட்கார்ந்திருந்தன. கரைந்தது நூற்றுக்கு நாற்பத்தொன்று.

மேலாளர் வந்து எட்டிப் பார்த்தார். "தண்ணியில அந்தச் சோப்பை நாலு மடங்கு போட்டு ஓட்டுங்கம்மா."

ஓட்டினாள். தொண்ணூற்றாறு.

"பாத்தீங்களா? கையெழுத்துப் போடுங்க."

"குடுவையில நான் ஊத்துவேன் சார். முழுங்குறவங்க வயித்துல யார் ஊத்துவாங்க? நீங்க வீடு வீடா போவீங்களா?"

"முறையைக் கொஞ்சம் மாத்தியிருக்கோம். அவ்வளவுதானேம்மா."

அவ்வளவுதானாம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதில் தவறு என்றால் பதிலைத் திருத்த வேண்டும்; கேள்வியைத் திருத்துகிற புத்தியை என்னவென்று சொல்வது? வீட்டில் அவளுடைய நாத்தனார் தினம் இரண்டு வேளை விழுங்குவது இதே மாத்திரை. நாலு வருடமாக வலிப்பு வரவில்லை. இப்போதுதான் தைரியமாகத் தையல் மெஷினில் உட்காருகிறாள். "கரையலைன்னா உங்களைத்தான் கேப்பேன் அண்ணி" என்று அன்று காலைகூடச் சீண்டினாள்.

சோதனை ஏட்டின் பக்கங்களில் எண் அச்சிட்டிருக்கும். ஒன்றைக் கிழித்தாலும் தெரிந்துவிடும். அவள் பேனாவை எடுத்தாள். 'விதிப்படி: 41.' அதன் கீழே, 'மேலாளர் சொன்னபடி நாலு மடங்கு ஊற்றி: 96. இது முறை அல்ல.'

"என்னம்மா இது, எல்லாத்தையும் எழுதிட்டீங்க?"

"கையெழுத்துதானே சார் கேட்டீங்க? போட்டிருக்கேன்."

அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு சரக்கை யாராலும் வெளியே அனுப்ப முடியவில்லை. அத்தனை மாத்திரையையும் அழித்துவிட்டு, பழைய அளவில் மாவு மறுபடி கலந்தார்கள். மறு வாரமே அவளைக் குடுவை கழுவும் தொட்டிக்கு மாற்றினார்கள்.

அவளுடைய கைகள் ஊறி வெளுத்திருப்பதை நாத்தனார் பார்த்தாள். "இது எதுக்கு அண்ணி தண்டனை?"

"சோப்பை எங்க போடணும்னு சொன்னதுக்கு" என்றாள் அவள். "நீ மாத்திரையைப் போடு முதல்ல."