சமூசாத் தட்டும் ஹோவர்கிராஃப்டும்

லத்தா வட்டாரத்தில் எங்கள் சந்து முனைத் தேநீர்க் கடைக்குச் சமூசா போடுகிறவன் நான். அண்ணன் என்கிற அர்த்தத்தில் எல்லாரும் நானா என்பார்கள். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். உலக விவகாரம் எனக்கு எட்டாது. ஆனால் என் மகன் சரக்குக் கப்பலில் இருக்கிறான், அந்தக் கப்பல் தைவானுக்கும் போய்வருகிறது. அந்தக் கடலைப் பற்றி யார் வாயைத் திறந்தாலும் பிசைகிற மாவை விட்டுவிட்டுக் காதைக் கொடுப்பேன்.

கடையின் முன்மேசைக்காரர்களுக்கு அது பொழுதுபோக்கு. ஒருவர் ஓய்வுபெற்ற கிளார்க், இன்னொருவன் தின்கன்ஜூன் பகுதி டாக்சிக்காரன். சீன ராணுவம் கரையிறங்கிப் பழகும் படங்களை ஃபோனில் பார்ப்பார்கள். பெரிய கப்பலின் பின்வயிறு திறக்கும். உள்ளிருந்து ஹோவர்கிராஃப்ட் வரும். அடியில் ரப்பர் பாவாடை, முதுகில் ராட்சச விசிறிகள். தண்ணீர் முடிகிற இடத்தில் அது நிற்காது, மணல்மேலேயே ஏறிவிடும். தட்டையான படகுகள் பின்னால் வந்து முன்கதவை இறக்க, டாங்கிகள் உருண்டு வெளியே வரும். நம் ஆற்றில் லாரி ஏற்றும் படகும் அப்படித்தான் முன்பலகையை இறக்குகிறது. அதிலிருந்து வெங்காய மூட்டைதானே வருகிறது!

இங்கே பர்மியத் தேநீர்க் கடைகளில் கேட்காமலே பலகாரத் தட்டு மேசைக்கு வந்துவிடும். தின்றதற்கு மட்டும் காசு. இவர்கள் அந்தத் தட்டையே பந்தயமாக்கிவிட்டார்கள்.

"ஹோவர்கிராஃப்டுதான் முதல்ல கரை ஏறும். ஒரு தட்டு சமூசா!" என்பான் டாக்சிக்காரன்.

"போடா, ஏறுறதுக்குள்ள மேலேருந்து தைவான்காரன் சுட்டுப் பொசுக்கிடுவான். ரெண்டு தட்டு," என்பார் கிளார்க்.

பொசுக்குவார்களாம். அதற்கு நான் மாவு பிசைந்து கொடுக்க வேண்டுமாம்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், "ஐயா, அந்தக் கடல்லதான் என் புள்ள இருக்கான்," என்றேன்.

"யபாதே நானா, பரவால்ல, ஒண்ணும் ஆகாது. இது ஒத்திகைதானே," என்றார் கிளார்க்.

"ஒத்திகைக்கே நானாவுக்கு இப்படி வேர்க்குது," என்று சிரித்தான் மற்றவன்.

மகனுடைய ஒப்பந்தம் அந்த வாரம் முடிந்தது. இறங்கி வீட்டுக்கு வருவதா, இன்னொரு சுற்றுக்கு இருப்பதா என்று என்னைக் கேட்டுத்தான் முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தான். இறங்கிவிடு என்ற ஒரே சொல்லை நாள்முழுக்க வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அழைப்பு வந்தபோது கையெல்லாம் மாவு. கடைக்குள் சிக்னலும் கிடையாது. வாசலுக்கு ஓடி, முன்மேசைச் சர்க்கரை டப்பாமேல் ஃபோனைச் சாய்த்தேன். வேறு இடம் இல்லை.

"வாப்பா, கேப்டன் இப்பவே கேக்குறாரு. இறங்கவா, இருக்கவா?"

நான் வாயெடுப்பதற்குள் டாக்சிக்காரன் தலையை நுழைத்தான். "தம்பி, ஹோவர்கிராஃப்ட் பாத்தியா? கேமராவ வெளிய திருப்பு!"

"கரை மணலா, பாறையா? அதச் சொல்லு தம்பி," என்றார் கிளார்க்.

பெரியவர் கேட்கிறாரே என்று மகனும் திருப்பினான். மழை, கிரேன்கள், கல் அடுக்கிய கரை, சாம்பல் தண்ணீர்.

"அப்படி எதுவும் இல்லீங்க ஐயா, மழைதான்..."

படம் உறைந்தது. நான் கத்தினேன். இணைப்பு போய்விட்டது. திரும்பத் திரும்ப அழைத்தும் கிடைக்கவில்லை.

"பாத்தியா, ஒரே கல்லு. உன் ஹோவர்கிராஃப்ட் அதுல ஏறவே ஏறாது. எடு தட்ட," என்றார் கிளார்க்.

வெகுநேரம் கழித்து மகனின் குரல் செய்தி வந்தது. "வாப்பா, நீங்க ஒண்ணுமே சொல்லல. சரி, இருக்கச் சொல்றீங்கன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

மறுநாள் என் கண்முன்னே கடைக்காரர் முன்மேசைக்குத் தட்டு கொண்டுபோனார். நான் குறுக்கே போய் வாங்கிக்கொண்டேன்.

"என்ன நானா இது? நம்ம வாடிக்கைங்க!" என்றார்.

"இருக்கட்டும். டீ குடிக்கட்டும், பந்தயம் கட்டட்டும், கப்பல் விடட்டும். என் சமூசா இந்த மேசைக்குக் கிடையாது. மொதல்ல என் புள்ள கரை இறங்கட்டும்."

கிளார்க் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அதிலிருந்து ஹோவர்கிராஃப்ட் விசிறிகளின் இரைச்சல் மட்டும் கேட்டது.