மூட்டை நிக்காத அஸர்

மைதீன் போயிட்டான்... காலையில அவன் மக போன் பண்ணிச் சொன்னா.

எனக்கும் தொண்ணூறு தாண்டியாச்சு. நான் சொல்லச் சொல்ல பேத்தி டைப் பண்ணுறா, தப்பு இருந்தா அவளைத் திட்டுங்க.

நாற்பதுகள்ல தூத்துக்குடியில கப்பல் கரைக்கு வராது. தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும், தோணியில மூட்டை கொண்டுபோய் ஏத்துவோம். நான், மைதீன், புன்னைக்காயல் சூசை... மூணு பேரும் ஒரே வயசு, ஒரே வரிசை. கைக்குக் கை மூட்டை மாறும்.

அஸர்ங்கிற சாயங்காலத் தொழுகை நேரம் வந்தா மைதீன் கடல் தண்ணியிலயே கை, முகம், கால் கழுவி ஒளு செய்வான். எந்தப் பக்கம் பார்த்துத் தொழணும்ங்கிறதுக்கு, கரையில தெரியுற மாதா கோயில் கோபுரம்தான் அடையாளம். எங்க மாதாகிட்ட எனக்கும் ஒரு வார்த்தை சொல்லிருலேன்னு சூசை கேலி பண்ணுவான். மைதீனும் சிரிச்சுக்குவான்.

வேலை மும்முரத்துல எதுக்குலே, கரைக்குப் போய் நிதானமா தொழக்கூடாதான்னு ஒருநாள் கேட்டேன்.

"கை சும்மா இருக்கும்போது யாரு வேணாலும் தொழுவாம்லே. வேலை கழுத்தை நெரிக்கும்போது, இறக்கி வச்சுட்டு வான்னு கூப்பிடுதான் பாரு... அதான் அஸர். நான் இந்த மூட்டைக்கு அடிமையில்ல, அவனுக்குத்தான்னு நெத்தியைத் தோணிப் பலகையில வச்சு சொல்லிட்டு வாரேன்."

அப்புறம் புது மேஸ்திரி வந்தாரு. தொழுகைன்னு வரிசை ஒரு நிமிஷம் நின்னாலும் மைதீன் நாளையிலிருந்து வரவேண்டாம்னு கறாரா சொல்லிட்டாரு. யுத்த காலம், அரிசிக்கே திண்டாட்டம். அவன் சம்பளத்துலதான் வீட்டுல அடுப்பு எரியுது.

அன்னைக்கு அஸர் நேரம். மேஸ்திரி கப்பல் மேல நின்னு எங்களையே பாக்காரு. மைதீன் முகம் செத்துப்போச்சு.

நான்தான் சொன்னேன், "நீ போய்ட்டு வாலே. உன் இடத்தை நாங்க பாத்துக்கிடுதோம்."

சூசை அந்தப் பக்கமிருந்து ஒரு எட்டு நெருங்கி நின்னான், நான் இந்தப் பக்கமிருந்து ஒரு எட்டு. நடுவுல மைதீன் இருந்த இடத்தைத் தாண்டி மூட்டை பறக்குது... தோள்பட்டை கழண்டு விழாத குறைதான். ஆனா ஒரு மூட்டை நிக்கலை. ஒண்ணுகூட நிக்கலை!

மைதீன் நிதானமா, ஒரு அவசரமும் இல்லாம தொழுது முடிச்சு வந்து வரிசையில நின்னான். அன்னைக்குக் காலியான முதல் தோணி எங்களோடதுதான். பாய் விரிச்சுக் கரைக்குத் திரும்பும்போது ராஜா கணக்கா வந்தோம்.

மேஸ்திரி அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கலை.

சூசை முன்னாடியே போயிட்டான். இன்னைக்கு அஸர் தொழுகை முடிஞ்சதும் மைதீன் அடக்கமாம்.

போய்ட்டு வாலே மைதீன்... உன் இடத்தை நான் பாத்துக்கிடுதேன்.