பொறுங்கள் என்று சொன்னவள்

நான் வசிக்கும் ஊரில் பஸ் மண்டியிடும். சொன்னால் நம்ம ஊரில் சிரிப்பார்கள். நிறுத்தத்தில் யாராவது முதியவர் தடியூன்றி நின்றால் ஓட்டுநர் ஒரு பொத்தானை அழுத்துவார். பெருமூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் வரும். வண்டியின் முன்பக்கம் மெதுவாகச் சாய்ந்து நடைபாதையின் உயரத்துக்கு இறங்கும். அவர் ஏறி, இடம் தேடி, உட்கார்ந்து முடிக்கும்வரை வண்டி நகராது. இறங்குகிறவர்கள் ஒவ்வொருவரும் ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்கள். கனடாவுக்கு வந்த முதல் வாரத்தில் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டே என் நிறுத்தத்தைத் தவறவிட்டிருக்கிறேன். பிறகு அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. ஒருமுறை விடுமுறைக்கு நம்ம ஊருக்கு வந்திருந்தபோது மேல்மலையனூர் பஸ்ஸிலிருந்து செஞ்சியில் இறங்கும்போது வாய்தவறி கண்டக்டருக்கு "தேங்க்ஸ்ங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "இன்னாம்மா, வண்டில எதுனா வுட்டுட்டியா?" என்று சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

பஸ்ஸைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம், என் பிழைப்பே அதுதான். பாலிடெக்னிக்கில் சிவில் படித்தேன். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு இன்னும் கொஞ்சம் படித்து, நகரப் போக்குவரத்துத் திட்டம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். நகரத்தின் கிழக்கிலிருந்து மேற்குக்கு ஒரு ரயில் பாதை, நடுத்தெருவில் ஓடுவது. இவர்கள் எல்.ஆர்.டி. என்பார்கள், நாம் டிராம் என்று வைத்துக்கொள்ளலாம். நகரம் ஒரு பங்கும் மாகாணம் ஒரு பங்கும் மத்திய அரசு ஒரு பங்கும் போட்டுக் கட்டுவதாக ஏற்பாடு. பாதை போகும் தெருவில் வீடு வீடாக, கடை கடையாகப் போய் வரைபடத்தை விரித்துக் காட்டி, எப்போது தோண்டுவோம், எது இடிபடும், எது தப்பும் என்று விளக்குவது என் வேலை. அதற்கு 'கம்யூனிட்டி லியெஸான்' என்று ஒரு பெயர்.

அந்தத் தெருவில்தான் தெரேசாவைச் சந்தித்தேன். எழுபதைத் தாண்டியவர். இளவயதில் அட்லாண்டிக்கிலுள்ள ஏதோ ஒரு தீவிலிருந்து வந்தவர். கீழே துணி ஆல்டரேஷன் கடை, மேலே வீடு. கணவர் இறந்த பிறகு கடையைத் தனியாக நடத்திக்கொண்டிருந்தார். அவருடைய கட்டடம் இருந்த இடத்தில் ஒரு நிலையம் வருவதாக இருந்தது. திட்டமே அதை வாங்கிக்கொள்ளும், நல்ல விலை கிடைக்கும் என்று சொன்னேன். அவர் வரைபடத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார்.

"கூரை ஒழுகுகிறது. இந்தக் கோடையில் புதுக்கூரை போடலாம் என்றிருந்தேன். போடட்டுமா, வேண்டாமா? நீ சொல்."

இப்படிக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். 'அது உங்கள் முடிவு.' அவ்வளவுதான், அதற்குமேல் ஒரு சொல் கூடாது. ஆனால் இடிக்கப்போகிற கட்டடத்துக்கு ஒரு கிழவி தன் சேமிப்பைப் போட்டுக் கூரை மாற்றுவதை நினைக்க எனக்கு மனம் கேட்கவில்லை. "இப்போது செலவு செய்யாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள்" என்றேன். அவர் சுவரிலிருந்த நாட்காட்டியை எடுத்து அன்றைய தேதியில் எதையோ எழுதிக்கொண்டார்.

அந்தச் சொல்லின் எடை எனக்குத் தெரியாமல் இல்லை. அது எங்கள் வீட்டில் பல வருடம் குடியிருந்த சொல்.

எங்கள் வீடு செஞ்சியை விட்டுச் சிங்கவரம் போகும் பக்கம், காலனியின் கடைசியில் இருக்கிறது. மண்சுவர், ஓட்டுக்கூரை. நைனா மூட்டை தூக்குபவர். ஊரில் கமிட்டி என்று சொல்கிற நெல் விற்பனைக்கூடத்தில், அறுவடைக் காலத்தில் தெருவரை மாட்டுவண்டியும் டிராக்டரும் நிற்கும்போது, நாள் முழுக்க அவர் தலையில் சாக்கு மூட்டை இருக்கும். நான் ஆறாவது படிக்கும்போது முக்காலிக் கருவியோடு நாலு பேர் வந்து நிலத்தை அளந்தார்கள். செஞ்சி வழியாக ரயில் வரப்போகிறது என்றார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கல்லை நட்டுச் சிவப்பில் எண் எழுதினார்கள். அவர்களில் ஒருவர் என்னைக் கருவி வழியாகப் பார்க்க விட்டார். ராஜகிரி உச்சியிலிருந்த கோட்டைச் சுவர் கைக்கு எட்டும் தூரத்தில் வந்து நின்றது. நான் சிவில் படித்ததற்கு அந்த ஒரு நிமிடம்தான் காரணம்.

நைனாவுக்கு அதைவிடப் பெரிய மகிழ்ச்சி. செஞ்சிக்காரர்கள் ரயிலேற வேண்டுமென்றால் திண்டிவனமோ விழுப்புரமோ போக வேண்டும். அப்படிப்பட்ட ஊருக்கு ரயில் வரப்போகிறது, அதுவும் எங்கள் வீட்டின் மேலேயே. "நம்ம வூட்டு மேலதான் போவுதாம்" என்று கமிட்டியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நிலமே இல்லாத குடும்பத்தில் பிறந்தவர் அவர். அரசாங்கத்துக்குத் தன் இடம் தேவைப்படுகிறது என்பதே அவருக்கு ஒரு மரியாதையாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அடுத்த வருடம் அரசாங்கம் கட்டித் தரும் தொகுப்பு வீட்டுக்கு மனு கொடுக்க ஒன்றிய ஆபீசுக்குப் போனார். அங்கே இருந்த யாரோ ஒருவர் நல்லெண்ணத்தில் சொன்னார்: "அளந்த எடத்துல கட்னா நாளைக்கு இடிக்கத்தான் போறாங்க. கொஞ்சம் பொறுங்க. ரயிலுக்கு எடுத்துக்கினா வேற எடத்துல வூடே கட்டிக் குடுப்பாங்க." நைனா மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

அம்மா பொறுக்கவில்லை. "ரயிலு வந்து இன்னா ரயிலு! மொதல்ல செவுத்தப் பாருய்யா, கையி வெச்சா உதுருது" என்று மழைக்காலம் வரும்போதெல்லாம் சண்டை போடுவாள். "நீ சும்மா இரு அஞ்சல, இந்த வருசம் பணம் ஒதுக்கிட்டாங்களாம்" என்பார் நைனா. ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் டீக்கடையில் பேப்பரைப் பார்த்துவிட்டு வந்து அவருக்குச் சொல்லியிருப்பார்கள். நான் பள்ளி முடித்தேன், பாலிடெக்னிக் முடித்தேன், கல்யாணமாகிப் போனேன். பின்பக்கக் கல்லின் சிவப்பு வெளுத்துப்போய் எண் தெரியாமலாகிவிட்டது.

நான் கனடாவுக்கு வந்த இரண்டாம் வருடக் கார்த்திகையில் நாலு நாள் விடாமல் மழை. காலையில் அடுப்புக்கு விறகெடுக்கப் பின்பக்கம் போன அம்மாவின் மேல் சுவர் விழுந்தது. அக்கம்பக்கத்தார் மண்ணைத் தள்ளி வெளியே எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் இருந்தாள். எனக்கு அப்போது எட்டாம் மாதம், விமானத்தில் ஏறக்கூடாது என்றுவிட்டார் டாக்டர். சித்தப்பா மகன் போனைத் தூக்கிப் பிடிக்க, அம்மாவை எடுத்துப்போவதைச் சமையலறையில் நின்று திரையில் பார்த்தேன். பின்பக்கத்தில் தகரம் வைத்து அடைத்துவிட்டு நைனா அதே வீட்டில் இருந்தார்.

இதெல்லாம் தெரிந்தவள் எப்படித் தெரேசாவிடம் அந்தச் சொல்லைச் சொன்னாள் என்று நீங்கள் கேட்கலாம். நானே என்னைப் பல தடவை கேட்டிருக்கிறேன். அங்கேதான் அப்படி, இங்கே அப்படியில்லை என்று நம்பினேன். கிழவருக்காக பஸ் மண்டியிடுகிற ஊர் இது. இங்கே சொன்னால் செய்வார்கள், தேதி போட்டால் அந்தத் தேதியில் வருவார்கள் என்று நினைத்தேன். புலம்பெயர்ந்த நம்மில் பலருக்கும் இந்த நம்பிக்கை உண்டு. விட்டுவந்த ஊரைக் குறைத்தால்தான் வந்த ஊர் உயரும். அது உயர்ந்தால்தான் நாம் வந்ததற்கு ஒரு நியாயம் கிடைக்கும்.

தேர்தல் வந்தது. புதிதாக வந்தவர்கள் செலவு கூடிவிட்டது என்றார்கள். நகரம் மாகாணத்தைக் கைகாட்டியது, மாகாணம் மத்திய அரசைக் கைகாட்டியது. கார் ஓட்டுகிறவர்கள் கூட்டம் போட்டு, எங்கள் வரிப்பணம் எதற்கு என்று கேட்டார்கள். ஒரு கூட்டத்தில் நான் வரைபடத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது ஒருவர் எழுந்து, கோபமில்லாமல், பொறுமையாகச் சொன்னார்: "அம்மா, நீங்கள் வந்த ஊரில் எல்லோரும் ரயிலில் போவார்கள். இந்த ஊர் உங்களுக்குத் தெரியாது." நான் வந்த ஊரில் ரயிலே இல்லை என்று சொன்னேன். அவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். கூட்டமும் சிரித்தது. அடுத்த மாதம் மின்னஞ்சல் வந்தது. ரத்து என்று இங்கே சொல்ல மாட்டார்கள், 'டிஃபர்டு' என்பார்கள். அதாவது ஒத்திவைப்பு, எதுவரை என்று சொல்லாத ஒத்திவைப்பு.

தெருவில் எல்லோருக்கும் கடிதம் போனது. தெரேசாவுக்கு மட்டும் நேரில் சொல்லப் போனேன். கடைக் கதவில் 'மூடியிருக்கிறது' என்ற அட்டை. உள்ளே மேற்கூரையின் ஒரு மூலை அப்படியே இறங்கியிருந்தது. தையல் இயந்திரங்களின் மேல் பிளாஸ்டிக் விரிப்பு, தரையெங்கும் வாளிகள். யாரோ கொடுத்திருந்த கல்யாண கவுன் ஒன்று பழுப்புக் கறையோடு தொங்கியது. மூன்று குளிர்காலப் பனி அந்தக் கூரையில் உட்கார்ந்து உருகியிருந்தது.

"நீ பொறு என்றாய்" என்றார் தெரேசா. குரலை உயர்த்தவில்லை. "நாட்காட்டியில் எழுதி வைத்தேன். மகளிடம் காட்டினேன். இந்தியப் பெண், நல்ல பெண், அவள் சொன்னாள் என்றேன்."

'உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது' என்று சொல்ல வேண்டும், அதுதான் பயிற்சி. என்னால் முடியவில்லை. என் அம்மாவும் இப்படித்தான், சுவர், மழை, காத்திருக்கச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் உடைந்து துண்டு துண்டாக வந்தது. நானும் உன் நிலைமையில் இருந்தவள்தான், தெரிந்தே உனக்கு இதைச் செய்துவிட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். அவருக்குப் புரிந்ததோ வேறு.

"உன் அம்மா இறந்துவிட்டாளா? இப்போதா? ஐயோ, பிறகு ஏன் வேலைக்கு வந்தாய், பிள்ளை?"

என்னை இழுத்து நனையாத நாற்காலியில் உட்காரவைத்தார். தன் மொழியில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே முதுகைத் தடவினார். தேநீர் போட்டுக் கொடுத்தார், இனிப்பு ரொட்டியை வெட்டித் தட்டில் வைத்தார். அம்மா போய்ப் பல வருடமாகிறது என்று நான் திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை. என்னைத் திட்ட அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. அந்தக் கோபத்தையும் அன்று நான் அவரிடமிருந்து பறித்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த குளிர்காலத்துக்குள் அந்த இடத்தை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு வேறு மாகாணத்திலிருக்கும் மகளிடம் போய்விட்டதாகப் பக்கத்துக் கடையில் சொன்னார்கள். எங்கள் குழுவைக் கலைத்துவிட்டார்கள். இப்போது நான் பஸ் நிறுத்தக் கூரைகளில் எதை முதலில் பழுதுபார்ப்பது என்று வரிசை போடும் பிரிவில் இருக்கிறேன்.

இந்தத் தை மாதம் ஊருக்கு வந்தேன். எப்படியாவது நைனாவுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவது என்ற முடிவோடு வந்தேன். அவருக்கு இடுப்பு வளைந்துவிட்டது. தலையில் மூட்டை ஏற்றி ஏற்றி, கழுத்து உடம்புக்குள் இறங்கிவிட்டது. கொத்தனார் ஏழுமலையை வரச்சொல்லியிருந்தேன். விஷயம் தெரிந்து காலனியில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். அவர்களில் பாதிப் பேரின் வீடும் அதே கல் வரிசையில்தான் இருக்கிறது. நைனா கட்டிலில் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்தார்.

"வூடு கெடக்கட்டும். நீ ரயிலு வேலைலதான இருக்கற. படிச்சவ. நீ சொல்லு, ரயிலு வருமா, வராதா?"

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். அது உங்கள் முடிவு என்று சொல்லலாம். பொறுங்கள் என்றும் சொல்லலாம். இரண்டும் தெரிந்த வார்த்தைகள்தான்.

"வராது நைனா" என்றேன். "எப்பனா வரலாம். ஆனா நீ பாக்கற மாதிரி வராது. நாம வூட்டக் கட்டிக்கலாம்."

பக்கத்து வீட்டு குப்பம்மா, "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும், கேளுண்ணா" என்றாள். நைனா குனிந்து தரையைப் பார்த்தார். அவர் கண்ணில் நீர் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"நீ அந்த ஊரு ரயிலப் பாத்தவ" என்றார். "இந்த ஊரு ரயிலப் பத்தி உனுக்கு இன்னா தெரியும்? உங்கம்மா கடைசி வரிக்கும் இதையேதான் சொன்னா. கட்னா, அவ சொன்னதுதான் சரின்னு ஆயிடும். அப்பறம் நான் எதுக்கு இவ்ளோ நாளு உக்காந்துனு இருந்தேன்?"

கூடியிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். மறுநாள் காலை ஏழுமலை வந்தார். பின்பக்கத் தகரத்தைப் பிரிக்காமல், வீட்டுக்கு முன்னாலிருக்கும் காலி இடத்தில் ஒரே ஒரு அறையாவது எழுப்பலாம் என்று ராத்திரி பேசிப் பேசி நைனாவைச் சம்மதிக்க வைத்திருந்தேன். அளவு பார்க்க நூலின் ஒரு முனையை என்னிடம் கொடுத்துவிட்டு மறுமுனையோடு ஏழுமலை நடந்தார். நான் குந்தியிருந்து என் முனையை மண்ணோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். நைனா எங்களுக்கு முதுகைக் காட்டியபடி கட்டிலில் இருந்தார்.

"பெரியவரே, அஸ்திவாரத்துக்கு வானம் எங்கேர்ந்து தோண்டலாம்? நீயே சொல்லு" என்றார் ஏழுமலை.

நைனா திரும்பாமலே, ரகசியம்போல இல்லாமல், எனக்கும் கேட்கும்படியே சொன்னார்.

"இப்ப இன்னா அவசரம். அவ இன்னும் பத்து நாளுதான் இருப்பா. அவ ஊருக்குப் போவட்டும். அப்பறம் பாத்துக்கலாம்."

ஏழுமலை என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு தன் கையிலிருந்த முனையை விட்டுவிட்டு பீடி பற்றவைக்க ஒதுங்கிப் போனார். விறைப்பாக நின்ற நூல் தளர்ந்து மண்ணில் விழுந்தது. நான் மட்டும் என் முனையை விடாமல் அங்கேயே குந்தியிருந்தேன்.