பத்து நாள் செலவு

நைனாவின் நெஞ்சுக்குள் ஒரு வால்வு பழுதாகிவிட்டது என்று திருப்பதி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். திறந்துதான் மாற்ற வேண்டும், வருகிற திங்கட்கிழமை வந்து சேர்ந்துவிடுங்கள் என்று நாளும் குறித்துக் கொடுத்தார்கள். அம்மா போய் வெகுகாலமாகிவிட்டது. எனக்குக் கூடப்பிறந்தவர்களும் இல்லை. "நீ பக்கத்துல இருந்தா கையெழுத்து போடறேன். இல்லன்னா எனக்கு ஆபரேசனும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று நைனா அடம்பிடித்தார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

நான் அப்போது தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி ஆந்திராவில் இருக்கிற ஸ்ரீ சிட்டியில் செல்போன் சார்ஜர் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்து எட்டு மாதம். கூலிக்குப் போய்ப் பிழைத்த எங்கள் வீட்டில் மாதச் சம்பளத்தை முதலில் கண்ணால் பார்த்தவள் நான்தான். சொல்லாமல் மூன்று நாள் வராவிட்டால் நான்காம் நாள் கேட்டில் அட்டையைத் தேய்த்தாலும் கதவு திறக்காது. ஆகவே லீவு கடிதம் எழுதினேன். வீட்டில் பேசுவது தமிழானாலும் படித்தது தெலுங்கு மீடியம் என்பதால் எப்போதும் தெலுங்கில்தான் எழுதுவேன். ஆனால் ஆபீசுக்குப் புதிதாக வந்திருந்த சார் சென்னைக்காரர். நம்ம பாஷை ஆளாயிற்றே என்று, பஸ் போர்டு பார்த்துக் கற்றுக்கொண்ட தமிழில் கொட்டை கொட்டையாக எழுதி நீட்டினேன்: 'என் நைனாவுக்கு நெஞ்சு ஆபரேஷன். பத்து நாள் செலவு தரவும்.'

மறுநாள் கடிதம் திரும்பி வந்தது. குறுக்கே சிவப்பு மையில் 'விதியில் இடமில்லை' என்று எழுதியிருந்தது.

எனக்கு வந்ததே கோபம்! தலைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நேராக அவர் மேஜை முன்னால் போய் நின்றேன்.

"ஏன் சார், பெத்த நைனாவுக்குக்கூட செலவு தரமாட்டீங்களா?"

"ஆபரேஷன் செலவெல்லாம் கம்பெனி எப்படிம்மா கொடுக்கும்?"

"அதுக்கு கவர்மென்டு கார்டு கீது சார். எனக்கு செலவு குடுங்க!"

"உனக்கு எதுக்கும்மா செலவு?"

"நைனா கூட இருக்கத்தான்!"

இப்படியே இருவரும் மாறி மாறிக் கத்திக்கொண்டிருந்தோம். பக்கத்து மேஜையிலிருந்த தெலுங்கு அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். "சார், மா தெலுகுலோ செலவு அன்டே லீவு சார்!"

பள்ளிக்கூடத்தில் காய்ச்சல் வந்தால் 'செலவு சீட்டி' எழுதிக் கொடுத்து வளர்ந்தவள் நான். தமிழில் செலவு என்றால் பணம் என்று எனக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். எழுதும்போது கைக்குத் தெரியவில்லை, கோபத்தில் வாய்க்கும் தெரியவில்லை.

சார் சிரிக்கவில்லை. அச்சடித்த படிவம் ஒன்றை எடுத்து அவரே நிரப்பினார். நோயாளி என்ன உறவு என்ற இடத்தில் 'தந்தை' என்று எழுதிவிட்டு, "போய்ட்டு வாம்மா, நைனாவுக்கு நல்லாயிடும்" என்றார். அவர் வாயில் நைனா என்று வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று டாக்டர் எங்களை உட்காரவைத்துத் தெலுங்கில் விளக்கினார். மார்பைத் திறப்பார்களாம். இதயத்தை நிறுத்திவிடுவார்களாம். அதுவரை ரத்தத்தை வெளியே ஒரு மெஷின் ஓட்டுமாம். நைனாவின் முகம் வெளிறிப்போனதைப் பார்த்த டாக்டர் அவர் தோளைத் தொட்டு, "பெத்தாயனா, மீ குண்டெகி ரெண்டு கண்டலு செலவு, அந்தே" என்றார். பெரியவரே, உங்கள் இதயத்துக்கு இரண்டு மணி நேரம் லீவு, அவ்வளவுதான்.

நைனா என் பக்கம் திரும்பினார். "அதுக்கும் சீட்டி எழுதணுமாம்மா?"

எழுதத்தான் வேண்டியிருந்தது. சம்மதப் படிவத்தில், கரும்பு வெட்டிக் காய்த்த விரல்களால் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். நைனா அறுபது வயதுவரை ஒரு நாள் லீவு எடுத்தவரில்லை. கூலிக்காரனுக்கு லீவு தர யார் இருக்கிறார்கள்? அவர் இதயமும் அப்படித்தானே! நான் பிறப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்பிருந்தே நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது, நாளைக் காலையில் நிற்கப்போகிறது. என் படிவத்தில் திரும்பி வரும் தேதிக்கு ஒரு கட்டம் இருந்தது. அவருடையதில் தேடித் தேடிப் பார்த்தேன், அப்படி ஒரு கட்டமே இல்லை.

மறுநாள் மதியம் கதவு திறந்தது. டாக்டர் முகமூடியை இறக்கிவிட்டு, "டூட்டீலோ ஜாயின் அயிந்தம்மா" என்றார். இதயம் மறுபடி வேலையில் சேர்ந்துவிட்டதாம். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நைனாவின் தலைமாட்டில், திரையில் ஒரு பச்சைக் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அடேயப்பா! ஒரு மனுஷனின் இதயத்தை நிறுத்தி, தைத்து, மறுபடி ஓடவிட்டிருக்கிறார்கள். ஓடவிட்டவரோ டீ குடிக்கப் போய்விட்டார். மலைமேல் இருக்கிற சாமியை நான் அந்தக் கண்ணாடிக்கு முன்னாலேயே கும்பிட்டேன்.

ஒன்பதாம் நாள் ஊரிலிருந்து சித்தி துணைக்கு வந்தாள். எனக்குத்தான் கிளம்ப மனசில்லை. "நைனா, இன்னும் நாலு நாள் செலவு கேட்டுப் பாக்கட்டுமா?" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துத் தையலுக்குப் பக்கத்தில் மெல்ல வைத்துக்கொண்டார். உள்ளே திடமாக அடித்துக்கொண்டிருந்தது.

"அதுவே லீவு முடிஞ்சி வேலைக்கி வந்துக்கீது பாரு. நீயும் கெளம்பும்மா."