கழியில் மிதந்து வந்த எங்கள் வீடு

மழை தொடங்குவதற்குள் வீட்டை அகற்றிக்கொள்ள வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. அறுபதுகளின் நடுப்பகுதி அது. நான் அந்தமானின் மாயாபந்தரில் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். நிலம் அளக்கும் பட்வாரி சங்கிலியை இழுத்து வந்து எங்கள் முற்றத்துக்கு முன்பாகவே எல்லையை நிறுத்தினார். வீடு முழுவதும் சர்க்கார் காட்டுப் பகுதிக்குள் நின்றது. அன்று இரவு அம்மா சோறு வடித்தார், யாரும் உண்ணவில்லை.

சபையில் பலர் கேட்டும் இதைச் சொல்ல நான் தயங்கியதுண்டு. இதில் என் தந்தையின் தவறு இருக்கிறது. ஆனால் அவரை நினைக்கும்போது எனக்குள் எழுவது பெருமைதான்; ஆகவே இப்போது சொல்கிறேன்.

அப்பா காட்டு வேலைக்காரர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து கப்பலேறி வந்தவர். வெட்டிய மரங்களைப் பிரம்பால் பிணைத்துத் தெப்பமாக்கிக் உப்பங்கழியில் இறக்குவது அவர் தொழில். மரத்தில் போடும் குறிகளை அவரைப் போல் வாசிப்பவர் இல்லை என்று பெயர். மனை ஒதுக்கியபோது, "குறி போட்ட மரம் வரை உன் இடம். கல் நட்ட பிறகு கட்டு" என்றார்கள். அப்பா கல்லுக்குக் காத்திருக்கவில்லை. "எனக்கா குறி தெரியாது?" என்று கேட்டு, குறியிட்ட ஒரு மரத்தின் அடியில் படாக் மரப் பலகைகளால் வீட்டைக் கட்டி முடித்தார். அது எல்லைக்குறி அன்று. என்றோ வெட்டுவதற்காகப் போட்ட பழைய குறி. எல்லை மரம் நாற்பது அடி முன்னால் நின்றது.

உத்தரவு போட்ட அதிகாரி கடுமையாகப் பேசவில்லை. கழியின் மறுகரையில், அது கடலில் சேரும் கடல்வாய்க்குச் சற்று முன்னால், வேறு மனை தருவதாகச் சொன்னார். ஆனால் அங்கே சாலை கிடையாது. மழைக்குள் எடுக்காவிட்டால் வீடு பிரிக்கப்படும், பலகையும் எங்களுக்கில்லை. பல ஆண்டு உழைப்பு அந்தப் பலகைகளில்தான் இருந்தது. அப்பா யாரிடமும் உதவி கேட்க மறுத்தார். குறி வாசிக்கத் தெரிந்தவன் என்று பெயர் வாங்கிய மனிதர், குறியால் ஏமாந்ததை எப்படிச் சொல்வார்? ஜெபக்கூட்டத்துக்கும் வருவதை நிறுத்திவிட்டார்.

அம்மா விடியற்காலையில் முழங்காலில் நிற்பதை நான் பாயிலிருந்தே பார்ப்பேன். அதிகாரியின் மனம் மாற வேண்டும், உத்தரவு ரத்தாக வேண்டும் என்பதே அவர் விண்ணப்பம். வாரங்கள் போயின. உத்தரவு அப்படியே இருந்தது.

ஈஸ்டர் முடிந்த இரண்டாவது ஞாயிறு. தகரக் கூரையிட்ட எங்கள் ஜெபக்கொட்டகையில் ராஞ்சிக்காரர், பர்மாவிலிருந்து வந்த கரேன் மக்கள், தமிழரான நாங்கள் என எல்லாரும் சேர்ந்திருந்தோம். அம்மா அப்பாவை வற்புறுத்தி அழைத்து வந்திருந்தார். ஜெப விண்ணப்பம் உண்டா என்று கேட்ட வேளையில் அம்மா எழுந்து நின்றார். தமக்குத் தெரிந்த கொஞ்சம் இந்தியில் நடந்த அனைத்தையும் சொன்னார். குறியைத் தவறாக வாசித்தது உட்பட. அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

வீடு திரும்பும் வழியில் அவர் வாய் திறந்தார்.

"ஊருக்கே தமுக்கு அடிச்சிட்டியே."

"ஊர்ல சொல்லலங்க. ஜெபத்துல சொன்னேன்."

"ரெண்டுக்கும் ஒரே ஆளுகதானே."

"அதனாலதான் சொன்னேன்," என்றார் அம்மா.

மாலையில் எத்துவா சாச்சா, அதாவது சித்தப்பா, வந்தார். ராஞ்சியிலிருந்து வந்து அப்பாவோடு காட்டில் வேலை செய்தவர். அவருடன் கரேன் கிராமத்துச் சா மாமா. அந்தக் கழியின் ஒவ்வொரு திட்டும் அவருக்குத் தெரியும். சாச்சா எங்கள் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, சகோதரனை அழைக்கும் 'பாய்' என்ற சொல்லோடு இந்தியில் கேட்டார்:

"ஏன் பாய், சர்க்கார் மரத்தையெல்லாம் கட்டித் தண்ணியில் விடுகிறாயே, உன் வீடு என்ன இரும்பா?"

அப்பா அவரை உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தார். அத்தனை வாரங்களில் அவர் சிரித்தது அதுவே முதல் முறை. தினமும் தெப்பம் கட்டும் மனிதருக்குத் தம் வீடும் மிதக்கும் என்று தோன்றவில்லை. வெட்கம் கண்ணை அப்படி மறைத்திருந்தது.

அடுத்த சனிக்கிழமைக்குள் வீடு பலகை பலகையாகப் பிரிந்தது. சபையின் ஆண்கள் வேலை முடிந்து நாள்தோறும் வந்தார்கள். எந்தப் பலகை எந்தச் சுவர் என்று தாரால் தமிழ் எண் எழுதும் பொறுப்பு என்னுடையது. கூரைத் தகரங்கள் முன்னதாகவே டிங்கிப் படகில் மறுகரை போய்விட்டன. பலகைகளையும் கம்பங்களையும் அப்பா தெப்பமாகப் பிணைத்தார். வாசற்கதவை மட்டும் கட்டாமல் மேலே கிடத்தினார், ஏறி நின்று சரிபார்க்க வசதியாக.

சனி காலை, கடலேற்றம் முடிந்து நீர் இறங்கத் தொடங்கியதும் புறப்பட்டார்கள். அப்பா, சாச்சா, சா மாமா மூவரும் டிங்கியில். பின்னால் கயிற்றில் எங்கள் வீடு. அம்மாவும் தம்பியும் நானும் முன்னதாகவே போய்ப் புதுக்கரையில் காத்திருந்தோம். வளைவில் தெப்பம் தெரிந்தபோது தம்பி கை தட்டினான். அடுத்த நொடி கயிறு அறுந்தது.

தெப்பம் எங்களைக் கடந்து, இறங்கும் நீரோடு கடல்வாயை நோக்கிப் போனது. அப்பா சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு டிங்கியின் விளிம்பில் ஏறினார். அந்தக் கழியில் முதலைகள் உண்டு. சா மாமா அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"விடு. என் வீடு போகுது."

"போகட்டும். தண்ணீர் திரும்பும்."

"முதலைக்கு உன் வீடு வேண்டாம் பாய்," என்றார் சாச்சா, மறுபக்கம் பிடித்தபடி. "நீதான் வேண்டும்."

அப்பா திமிறினார். டிங்கி ஆடியது. அப்போது அம்மா கரையில், சேற்றிலேயே முழங்காலிட்டார். உரக்க ஜெபித்தார், தண்ணீரின் மேல் அது தெளிவாகக் கேட்டது.

"ஆண்டவரே, வீடு போனாப் போகட்டும். இந்த மனுஷன மட்டும் கரையில விடும்."

வாரக்கணக்காக வீட்டைக் கேட்டவர், அந்த ஒரு கணத்தில் வீட்டை விட்டுவிட்டார். அப்பா அந்தக் குரலைக் கேட்டார். திமிறுவதை விட்டு டிங்கிக்குள் உட்கார்ந்தார். முகத்தை மூடிக்கொண்டு அழுதார். என் தந்தை அழுது நான் பார்த்தது அன்றுதான்.

தெப்பம் கடலுக்குள் போகவில்லை. கடல்வாயில் இருந்த மணல்திட்டில் தட்டி நின்றது. நீர் வடிய வடிய அது தரையில் அமர்ந்ததைக் கரையிலிருந்து பார்த்தோம். கதவு மட்டும் சரிந்து கடலோடு போனது. பிற்பகலில் ஏற்றம் வந்தது. தெப்பம் மெல்ல எழுந்தது. மூவரும் புதுக்கயிறு போட்டார்கள். மேலேறும் நீரே அதை எங்கள் மனையின் வாசல்வரை கொண்டுவந்தது. அப்பா கட்டிய பிரம்புக் கட்டு ஒன்றுகூட அவிழ்ந்திருக்கவில்லை.

பின்னாளில் நான் ஆசிரியையாகிப் பிள்ளைகளுக்கு நிலவையும், ஓதம் எனும் கடலேற்ற இறக்கத்தையும் பற்றிப் பாடம் நடத்தினேன். நீர் ஆறு மணி நேரத்தில் திரும்பும் என்பது எனக்குத் தெரியும். மணல்திட்டுக்கும் அங்கே கிடக்க ஒரு காரணம் உண்டு. அவற்றால் என் நன்றி குறையவில்லை. எங்கள் விண்ணப்பம் ஒன்று மறுக்கப்பட்டது. உத்தரவு மாறவே இல்லை. ஆனால் என் தந்தையைக் கேட்டோம், தந்தை கிடைத்தார். கேட்பதை விட்டுவிட்ட வீடும் கூடவே வந்தது.

மழைக்கு முன்பே வீடு எழுந்தது. தமிழ் எண் தெரியாத சாச்சா அடுப்படிச் சுவரில் இரண்டு பலகைகளைத் தலைகீழாக அடித்துவிட்டார். "இந்த ரெண்டையும் மாத்தாதீங்க," என்றார் அம்மா. "சமைக்கும்போது சிரிக்க ஏதாவது வேணும்ல." கதவில்லாத வாசலில் ஒரு பருவம் முழுதும் சாக்கு தொங்கியது. அதைத் தூக்கிக்கொண்டு யார் யாரோ உள்ளே வந்தார்கள். அம்மா எல்லாருக்கும் தேநீர் வைத்தார்.

வீடு எழுந்தபின் வந்த ஞாயிறு அப்பா சபையில் எழுந்தார். "நான் குறியைத் தப்பா வாசிச்சேன். ஆண்டவர் என்னைக் கைவிடல. நீங்களும் விடல," என்று தமிழிலும் இந்தியிலும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் செய்த மிக நீண்ட பிரசங்கம் அதுவே. அதன்பின் கரையோரம் யார் வீடு பெயர்க்க நேர்ந்தாலும், அழைக்கும் முன்பே பிரம்புக் கட்டோடு போய் நிற்பார். மேலும் மூன்று வீடுகள் அந்தக் கழியில் மிதந்தன. மூன்றையும் தெப்பமாகக் கட்டியவர் அவர். இதைச் சொல்லும்போது என் தலை நிமிர்கிறது. கர்த்தர் அந்தப் பெருமையை மன்னிப்பார்.

வீட்டை இழக்கும் பயத்தோடு இதை வாசிக்கிற சகோதரியே, வேண்டியதை ஆண்டவரிடம் தயங்காமல் கேளுங்கள். தனியறையில் கேட்டது போதாதென்றால், சபையில் எழுந்து நின்று, அடுத்த பெஞ்சில் இருப்பவர் காதிலும் விழும்படி சொல்லுங்கள். எங்களுக்கான உதவியை ஆண்டவர் அந்தப் பெஞ்சிலிருந்துதான் எழுப்பி அனுப்பினார்.