ஆன்டெனாவை மூடிய சோற்றுக் குண்டான்

எனக்கு மூக்கின் மேல் கோபம். கருவிகளோடு வேலை செய்பவளுக்கு அது ஆகாது என்பார்கள். ஆனால் ஏலப்பாறை அக்கா ஒருவரை நினைத்தால் மட்டும் கை தானாகக் கும்பிடப் போகிறது.

ஏலப்பாறை மலையின் தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில், கடைசி வீடு அவருடையது. கொழுந்து பறிப்பவர். வீட்டுக்குப் பின்னால் செங்குத்தான சரிவு. அங்கே ஒரு கம்பத்தில் ஆன்டெனா வைத்திருந்தேன். போனில் வழி காட்டுகிற அதே செயற்கைக்கோள்களின் சிக்னல் மண்ணில் பட்டுத் திரும்பி அதில் விழும். மண் நனைய நனைய அந்த சிக்னல் மாறும். பாலக்காட்டுச் சித்தூரில் என் வீட்டிலிருந்தே மேல்மண்ணின் ஈரத்தைப் பார்த்துவிடலாம். ஈரம் ஏறினால் மண் சரியலாம் என்று லயத்துக்குச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. இரண்டு முறை சொன்னேன். இரண்டு முறையும் ஒரு பிடி மண்கூட விழவில்லை. லயமே சிரித்தது.

பிறகு மழை விடாமல் பிடித்துக்கொண்டபோது சிக்னல் அடியோடு நின்றது. அக்காவும் போனை எடுக்கவில்லை, எஸ்டேட் ஆபீஸிலும் யாரும் எடுக்கவில்லை. சரிவு இறங்கி வீட்டையும் கொண்டு போய்விட்டதோ என்று அப்போதே கிளம்பிவிட்டேன். பாலக்காடு, திருச்சூர், தொடுபுழா என்று பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தேன்.

வீடு இருந்தது. அக்காவும் இருந்தார். ஆன்டெனாவின் தலையில் ஓர் அலுமினியக் குண்டான் கவிழ்ந்திருந்தது, காற்றில் பறக்காமல் கயிறு போட்டுக் கட்டி!

"ஏனுங்க்கா, எதுக்குங்க இதைக் கவுத்தி வெச்சீங்க?"

"பேயாப் பெய்யுதே தாயி! நனைஞ்சு கெட்டுப் போச்சுன்னா நீயில்ல ஏச்சு வாங்கணும்."

உலோகத்துக்குள் சிக்னல் நுழையாது என்று கத்த வாயெடுத்தேன். அது அவர் சோறு வடிக்கிற குண்டான் என்று தெரிந்ததும் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கித்தான் அத்தனை நாளும் சமைத்திருக்கிறார்.

குண்டானை எடுத்துவிட்டு, அவர் கொடுத்த, பால் விடாத கட்டன் சாயாவோடு காத்திருந்தோம். மழை ஓய்ந்தது. ஆனாலும் ஆன்டெனா காட்டிய மண்ணின் ஈரம் துளியும் இறங்கவில்லை. கீழே நீர் போக இடமில்லை, சரிவு இறங்கலாம் என்றுதான் எனக்குப் பட்டது. சொன்னேன். "போன தடவையும் இதையேதான சொன்ன?" என்றார் கூடியிருந்த லயத்துப் பெண்களில் ஒருவர்.

அக்கா எழுந்துவிட்டார். "இந்தப் பிள்ள இம்புட்டுத் தூரம் மழையில நனைஞ்சு வந்து நிக்குது. சும்மாவா வரும்? கிளம்புங்கடி!"

எல்லோரும் எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். விடிந்து பார்த்தால் அக்காவின் அடுப்படியில் கூரை வரை சேறு.

"நீ வந்து சொல்லலேன்னா என்ன ஆயிருக்கும் தாயி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் எச்சரிக்கை சொல்ல வரவில்லை; அவர் குண்டான் சிக்னலை மறைத்ததால்தான் வந்தேன். சிக்னல் வந்துகொண்டே இருந்திருந்தால் மூன்றாவது முறையும் போனில் சொல்லிவிட்டு சித்தூரில் சாப்பிட உட்கார்ந்திருப்பேன். அவர்களும் சிரித்துவிட்டுத் தூங்கியிருப்பார்கள்.

"உங்களாலதானுங்க்கா வந்தேன்" என்றேன். அவருக்கு அது புரியவில்லை. என் கையை விடவும் இல்லை.